காலியாக இருந்த பெயர்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாசி மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும், சபையாருக்கும், அக்காவோடு உட்கார்ந்து லேஸ் பின்னிய பெண்களுக்கும் தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன். அத்தான் எழுதியிருக்க வேண்டும். அவர் வாத்தியார். எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை என்று என்னிடம் தள்ளிவிட்டார். நான் உப்பளத்தில் கங்காணி. நடந்ததை நடந்தபடி எழுதத்தான் எனக்குத் தெரியும். சிலருக்கு இது பிடிக்காது.

அக்கா வட்டக்கோட்டைக்கு மேற்கே, பனங்காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் பிறந்தார். அப்பா அப்போது கருப்பட்டி வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். பிறகுதான் சபையில் உபதேசியார் ஆனார். அக்கா தலைப்பிள்ளை. பிள்ளைக்குப் பெயர் வைத்தது அம்மா. யாரிடமும் கேட்காமல், பிள்ளையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோதே சொன்ன பெயர் அது. சபையிலும் அந்தப் பெயரிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்போது எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு வயதில் அக்காவை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அது எந்தப் பள்ளி என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் இருக்கும் யாராவது ஒரு புண்ணியவதி ஒரு பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் ஏற்றுக்கொள்வார். அவர் சொல்லும் பெயரை இங்கே அந்தப் பிள்ளைக்கு வைப்பார்கள். வருடம் ஒருமுறை அந்தப் பெயரில் அந்தப் பிள்ளை ஒரு கடிதம் எழுத வேண்டும். அவ்வளவுதான். இதில் என்ன குறை என்று அந்தக் காலத்தில் எல்லாரும் கேட்டார்கள். இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அக்காவுக்குக் கிடைத்த பெயரோ காலியாக இருந்த பெயர். அந்தப் புண்ணியவதியின் மகள் சின்ன வயதில் இறந்துபோனாள். மகளின் பெயரில் ஒரு பிள்ளை வளரட்டும் என்று அவர் கேட்டிருந்தார். அப்படியே ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்து வளர்த்தார்கள். இரண்டாம் வருடம் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அடுத்த மாதம் எங்கள் அக்கா பெட்டியோடு போய் நின்றார். பிள்ளை போனாலும் பெயர் மிச்சம் இருந்தது. அக்காவுக்குப் போட்டுவிட்டார்கள். போதகர் ஜெபம் செய்து பதிவிலும் திருத்தி எழுதினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது விடுதியின் சட்டம். திரும்பினால் அன்று மாலைப் பலகாரம் கிடையாது. முதல் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் நின்று வாய் நிறையக் கூப்பிட்டார்களாம். அக்கா கிணற்றடியில் நின்றபடி தலையைத் திருப்பவே இல்லை. மூன்று முறை கூப்பிட்டு விட்டு அம்மா உள்ளே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா அக்காவை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இவளே" என்பார்கள். இல்லாவிட்டால் "மக்கா" என்பார்கள். அம்மா சாகிறவரைக்கும் அப்படித்தான்.

அப்பாவோ வீட்டிலும் புதுப்பெயர்தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். விடுதியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா திடீரென்று வந்து கேட்டால் பிள்ளை தடுமாறக்கூடாதாம். அப்பாவைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள். அவர் நல்ல உபதேசியார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஏழாம் வகுப்பு வரை படித்தார். லேஸ் பின்னப் பழகினார். விடுதியில் அக்காவின் கைவேலைக்கு மிஞ்சி எவரும் இல்லை. பத்தொன்பதாவது வயதில் கோட்டாற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு நல்ல வீட்டில் கட்டிக்கொடுத்தோம். அத்தான் சாது. அவருடைய அப்பாவை நாங்கள் மாமா என்போம். மாமா சபையில் மூப்பர். கம்பீரமான மனிதர். அந்த வீட்டில் மாமா பேசி முடிந்த பிறகு பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அத்தான் அதற்குப் பழகியிருந்தார்.

நாலு வருடம் பிள்ளை இல்லை. அக்கா பேச்சு வாங்கினார். யார் யார் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் மூன்று பேர் இன்று இந்த மலரை வாங்கியிருப்பார்கள். பிறகு ஒரு ஐப்பசியில், அடைமழையில், பெண்பிள்ளை பிறந்தது.

பிள்ளை பிறந்த எட்டாம் நாள் மிஸ்ஸியம்மா வில்வண்டியில் வந்து இறங்கினார். ஒரு நல்ல செய்தி என்றார். இங்கிலாந்துப் புண்ணியவதி இன்னும் உயிரோடு இருக்கிறாராம். பிள்ளைக்கும் அதே பெயரை வைத்தால் விடுதி, உயர்நிலைப் பள்ளி, அதற்கு மேல் படிப்பு வரைக்கும் அவர் பார்த்துக்கொள்வாராம். மாமாவுக்குப் பூரிப்பு. செய்தி கேட்டு எங்கள் அப்பா ஊரிலிருந்து ஓடி வந்தார். இரண்டு கிழவர்களும் முன்னறையில் உட்கார்ந்து பெயரை முடிவு செய்து காப்பியும் குடித்துவிட்டார்கள்.

உள்ளே படுத்திருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். பிள்ளைக்கு அம்மா தனக்கு வைத்த பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார். வடிவு.

"அது வேதத்துல இல்லாத பேரு," என்றார் அப்பா, வாசலில் நின்றபடி.

"அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்க பேரும் வேதத்துல இல்லப்பா. நான் தேடிப் பாத்தாச்சு."

"வாய் பேசாத. படிப்பு தேடி வருது. காலால தள்ளுகியா?"

"படிப்பு வரட்டும். அது வரதுக்கு எனக்க பிள்ளை எதுக்கு வேற ஒருத்தியா மாறணும்?"

அக்காவைச் சம்மதிக்க வைக்க என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். பெரிய மனிதன் என்று நினைப்பு. அக்கா அடுக்களையில் பிள்ளைக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு பேருதானே அக்கா. நம்ம பிள்ளை பெரிய படிப்பு படிக்கும்லா," என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு யாராவது பேரை மாத்துனாவளா லே?"

"இல்ல."

"கையை வீசிட்டுப் பள்ளிக்கூடம் போன, கையை வீசிட்டு வந்த. பெறவு ஒனக்கு என்ன தெரியும்? போ, போயி உப்பு வாரு."

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, பிறகு வேறு குரலில் சொன்னார்: "கிறிஸ்மசுக்குக் கடுதாசி எழுதுவோம்லா, போர்டுல எழுதிப் போட்டதைப் பாத்து. 'நான் சுகமாயிருக்கிறேன்'ன்னு முதல் வரி. அது எழுதும்போதெல்லாம் எனக்குத் தோணும், யாரு சுகமா இருக்கான்னு. எனக்கு முந்தி அதே வரியை எழுதினவ செத்துப்போனா. நான் அவ படுத்த பாயிலதான் படுத்தேன் தம்பி."

இதைக் கேட்ட பிறகும் நான் அப்பா பக்கம்தான் நின்றேன். இதை நான் மறைக்கவில்லை.

எங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்கு முன்னால் பிள்ளையின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் போதகரிடம் கொடுப்பார்கள். சீட்டை எழுதியது மாமா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கொண்டுபோய்ப் போதகர் கையில் கொடுத்தது நான். மாமா வெளியே போயிருந்த நேரத்தில் அக்காவும் ஒரு சீட்டு எழுதி என் கையில் தந்திருந்தார். அது என் சட்டைப்பையிலேயே இருந்தது. இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

போதகர் சீட்டை விரித்துப் பெயரை வாசித்தார். பிறகு கையை நீட்டி, "பிள்ளையைத் தாம்மா," என்றார்.

அக்கா கொடுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்தச் சீட்டுல உள்ள பேருக்கு நான் பிள்ளையைத் தர மாட்டேன், போதகரய்யா. அந்தப் பேருல ஒருத்தி கல்லறையில கெடக்கா. இன்னொருத்தி நான் நிக்கேன். இது வேற பிள்ளை."

பெண்கள் பக்கத்தில் யாரோ "ஆத்தாடி" என்றார்கள். மாமா எழுந்து நின்றார்.

"ஏ பிள்ளே, இது கோயிலு."

"கோயிலுன்னுதான் மாமா இங்க வச்சுச் சொல்லுகேன். வீட்டுல சொன்னேன், யாருக்கும் கேக்கல."

போதகர் அத்தானைப் பார்த்தார். "தகப்பன் என்ன சொல்லுகீரு?"

அத்தான் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். போதகர் நிதானமான மனிதர். மாமாவின் சீட்டை மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்தார். "வீட்டுல பேசி ஒரு பேரோட வாங்க. தண்ணி எங்கயும் போயிராது," என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

அன்று தொடங்கி ஐந்து மாதம் அந்த வீட்டில் மாமா அக்காவோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். மிஸ்ஸியம்மா லேஸ் நூல் கொடுப்பதை நிறுத்தினார். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று தெருவில் வேடிக்கை பேசினார்கள். "ஒம் பிள்ளைக்குப் பேரு கிட்டிச்சாட்டி? எங்க வீட்டுக் கோழிக்கே ரெண்டு பேரு இருக்கு, ஒண்ணு தரட்டா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். "கோழியையே தா, குழம்பு வச்சுட்டு யோசிக்கேன்," என்றாராம் அக்கா.

தை மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் மாமா நேராக அக்காவைப் பார்த்துப் பேசினார். "பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா, பேரில்லாத பிள்ளையைக் கல்லறையில எந்த மூலையில கொண்டு வைப்ப?"

"பேரு உண்டு மாமா. வடிவு. போதகரு எழுதல்லேன்னாலும் அவளுக்க பேரு அதுதான்." சொல்லும்போது அக்காவுக்குப் பல் கிட்டித்ததாம். இதைச் சொன்னது அத்தான். மூன்று நாள் அக்கா பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. எந்த நிமிடத்திலும் சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். போதகர் வீட்டுக்கே வந்து தண்ணீர் தெளித்திருப்பார். காய்ச்சல் இறங்கிய பிறகு அக்கா அத்தானிடம் சொன்னது: "நான் பிடிவாதக்காரின்னு நெனச்சுட்டிருந்தேன். பயந்து செத்தேன்."

காய்ச்சல் இறங்கிய வாரம் அக்கா ஒரு கடிதம் எழுதினார். போர்டைப் பார்க்காமல் அவர் அந்தப் புண்ணியவதிக்கு எழுதிய முதல் கடிதம். பழைய வாழ்த்து அட்டை ஒன்றின் பின்னால் விலாசம் இருந்தது. முதலில் இருந்த பிள்ளை இறந்ததையும், தான் அவள் இடத்தில் வந்ததையும், தன் மகளுக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்பதையும் தமிழில் எழுதினார். அதை இங்கிலீஷில் மாற்றி எழுதியது அத்தான். மாமா முன்னால் வாய் திறக்காத அத்தான், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதி, தானே தபாலில் போட்டுவிட்டு வந்தார். அவரைப் பற்றி நான் நினைத்ததை எல்லாம் அப்போது கொஞ்சம் திருத்திக்கொண்டேன்.

பங்குனியில் பதில் வந்தது. அத்தான் அதை முன்னறையில், மாமாவையும் எங்கள் அப்பாவையும் உட்கார வைத்து, தமிழில் சொல்லி வாசித்தார். நான் நிலைப்படியில் நின்றேன். அந்தக் கடிதம் சின்னது. எனக்கு நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்:

"இத்தனை வருடமும் ஒரே ஒரு பெண் என்று நினைத்திருந்தேன். நடுவில் ஒரு வருடம் கையெழுத்து மாறியது. பிள்ளை வளருகிறாள், அதனால் மாறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு பிள்ளை இறந்துபோனதை எவரும் எனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அவளுக்காக அழுதிருப்பேன். என் மகளின் பெயரை இனி ஒரு பிள்ளைக்கும் வைக்க வேண்டாம். உங்கள் குழந்தைக்கு என்ன பெயர்? உங்கள் தாய் உங்களுக்கு வைத்த பெயர் என்ன?"

அந்த ஐந்து மாதமும் அந்த வெள்ளைக்காரியை நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று நிறுத்திவிட்டேன். அவளும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளையும் ஏமாற்றித்தான் இருக்கிறார்கள். யார் ஏமாற்றினார்கள் என்று கேட்டால் ஒருவரைக் கை காட்ட முடியவில்லை. எல்லாரும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள். எங்கள் அப்பா உட்பட. நான் உட்பட.

மாமா பொடி டப்பியைத் திறந்தார், போடாமலே மூடினார். பிறகு அத்தானிடம், "ஒரு காகிதம் எடு," என்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய எழுத்தில் வடிவு என்று எழுதினார். அந்தச் சீட்டை என்னிடம் தரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே கொண்டுபோய்ப் போதகர் கையில் கொடுத்தார். இந்த முறை அக்கா பிள்ளையை நீட்டிக் கொடுத்தார். எங்கள் அப்பா வரவில்லை. பேத்தியை அவர் கடைசி வரை "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார்.

அந்தப் பெயரோடு வந்த உதவி நின்றுபோனது. நிற்கும் என்று அக்காவுக்குத் தெரியும். தையல் மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து பெண்களுக்கு ஜம்பர் தைத்தார். பத்து வருடத்துக்கு மேல் அந்த மிஷினோடு இருந்தார். கண் கெட்டது, முதுகு கூனியது. வடிவு இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வகுப்பில் முதலாவது என்று எழுத எனக்கு ஆசை. இல்லை. கணக்கில் தடுமாறுகிறாள். நன்றாகப் பாடுவாள்.

அக்கா இரக்கக்காரி. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பியதில்லை. கோழிப் பேச்சு பேசிய பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிரசவம் ஆனபோது பத்து நாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது அக்காதான். ஆனால் இதையெல்லாம் எல்லா மலரிலும் எழுதுகிறார்கள். எனக்கு எழுத வேண்டியிருந்தது மற்றதுதான்.

போன வருடம் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுத்திருந்தார். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்கக்கூடாததைக் கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்க வராது.

"அக்கா, கல்லுல என்ன பேரு வெட்டணும்? பதிவுல உள்ளதையா, அம்மை வச்சதையா?"

அக்கா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"பதிவுல உள்ளது வேண்டாம். அது அந்த அம்மாளுக்க மகளுக்குள்ளது."

"அப்போ அம்மை வச்சதை வெட்டச் சொல்லுகேன்."

"அதுவும் வேண்டாம். அதை நான் குடுத்தாச்சுலா. குடுத்ததைத் திருப்பி வாங்கி வெறுங் கல்லுல வைக்கவா? அவ நடமாடிட்டுத் திரியுதா. நாளைக்குக் கல்லறைக்கு வந்து அவளுக்க பேரையே கல்லுல வாசிச்சா பிள்ளை பயந்துபோவா."

"அப்போ ஒனக்கு என்னதான் பேரு?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது, அதனால் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

"கத்தாத லே," என்றார். கண்ணை மூடிக்கொண்டு, "வடிவுக்க அம்மைன்னு போடு. அது யாரும் தந்ததில்ல," என்றார்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அக்கா கர்த்தரிடம் போனார். முப்பத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தது.

கல்லில் பதிவுப் பெயர்தான் வர வேண்டும் என்று சபையில் சிலர் வழக்குப் பேசினார்கள். பெயர் இல்லாமல் கல் வைத்தால் பிற்காலத்தில் யார் என்று எப்படித் தெரியும் என்றார்கள். அதற்குப் பதில் சொன்னது நான் இல்லை, மாமா. எண்பது வயது, காது கேட்காது. தடியை ஊன்றிக்கொண்டு கூட்டத்தில் எழுந்து, "எனக்க மருமவ சொன்னதை ஒரு தடவை கேக்காம விட்டேன். இனி விட மாட்டேன்," என்றார். அக்கா சொன்னபடியே கல்லை வெட்டக் கொடுத்தோம்.

இனி நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அக்காவை ராப்பகலாகப் பார்த்த நர்சுகளுக்கும், அடக்கத்தன்று தங்கள் வீட்டிலிருந்து பெஞ்சும் தண்ணீரும் கொண்டுவந்த தெருவாருக்கும், கல்லை வெட்டித் தந்த ஆசாரிக்கும், சபையாரோடு நின்ற போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எட்டு மைல் நடந்து வந்த உப்பளத்துத் தொழிலாளிகளுக்கு என் தனி நன்றி. சாவுக்கு வராமல் இருந்தவர்களைப் பற்றி எழுதக்கூடாது என்று அத்தான் சொன்னார். எழுதவில்லை.

இந்த மலரில் அக்காவின் படத்துக்குக் கீழே பெயர் போடவில்லை. அச்சகத்தார் மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கல்லில் இருப்பது "வடிவின் தாய்" என்ற இரண்டு சொல்தான். படத்துக்குக் கீழேயும் அதுதான்.

வடிவு உங்கள் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். காணும்போது "தாயில்லாப் பிள்ளை" என்று உச்சுக்கொட்டாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பாள்.